அவள் அளவுக்கு ஒரு போர்வை

வியாழக்கிழமை காலை மகளை எழுப்பப் போனபோது போர்வைக்கு வெளியே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. முகத்தை மூடிக்கொண்டுதான் அவள் தூங்குவாள், கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே அப்படித்தான். அதனால் தலையையும் மூடி, காலடியில் மடித்துச் செருகவும் துணி மிஞ்சும்படி நீளமாகவே அந்த ஒட்டுத்துணிப் போர்வையைத் தாய் தன் கையாலேயே தைத்திருந்தாள். ஒன்பது வயது, மளமளவென்று வளர்கிற வயதுதான். ஆனாலும் போன வாரம் மூடியிருந்த கால் இந்த வாரம் வெளியே வருமா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் கட்டை விரலைப் பிடித்து இழுத்தாள். விரல் சில்லென்று இருந்தது.

மகளின் தலைமுடி இடுப்பைத் தாண்டும். அதைச் சிக்கெடுத்து இரட்டைச் சடை போட்டு முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பிடிதுணிக்குக் கையை நீட்டினாள். அது வழக்கமான ஆணியில்தான் தொங்கியது, ஆனால் அதன் முன்பக்கத் துணியைக் காணவில்லை. உள்ளே வைத்த பஞ்சும் பின்பக்கத் துணியும் மட்டும் இருந்தன. எலி கடித்திருந்தால் கந்தலாகியிருக்கும். இதை யாரோ உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒரு இழைகூட அறுபடாமல் எடுத்திருந்தார்கள். கீழே மேடையில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. பிரித்த நூல் துண்டுகளையெல்லாம் அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகியிருந்தது.

"நீ இத நோண்டுனியா?" என்று கேட்டாள்.

"எனக்கு என் சடையே பின்ன வராது. நான் எங்கம்மா இதெல்லாம்?" என்றாள் மகள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அப்படிப் பொத்தானில் நூல் சுற்றி வைக்கும் பழக்கமுள்ள ஒரே ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும். அவரைப் புதைத்து நான்கு மாதம் ஆகிவிட்டது.

அவளைத் தோழிகள் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மொத்தம் நான்கு பேர். சனிக்கிழமை மதியமானால் அவள் வீட்டு முன்னறையில் கூடித் தைப்பார்கள். டீச்சர், நர்ஸக்கா, கடைத்தெருவில் முப்பது வருடம் பொத்தான் கடை வைத்திருந்த பொத்தானக்கா, பிறகு இவள். எல்லோரும் வீட்டுப் பழைய துணியைக் கொண்டுவந்து இவளிடம் கொடுத்துவிட வேண்டும். துவைத்து, தேய்த்து, ஒரு சாண் சதுரமாக வெட்டுவது இவள் வேலை, ஏனென்றால் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டும் கை இவளுக்கு மட்டும்தான். வெட்டியதெல்லாம் மேசையில் ஒரே குவியல். யாருக்கு எது பிடிக்கிறதோ எடுத்துத் தைத்து, இன்னொருத்திக்குப் பரிசாகக் கொடுக்கலாம். யார் வீட்டுப் பழசு யார் வீட்டுத் தலையணையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த விளையாட்டில் சந்தோஷமே அதுதான்.

பொத்தானக்காவுக்கு இடது கைப் பழக்கம். அவர் போடும் தையல் எல்லாம் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மிஞ்சிய நூலைக் குப்பையில் போடவே மாட்டார், வெட்டிய மிச்சத்தையெல்லாம் ஒரு பொத்தானில் சுற்றி வைப்பார். யாராவது அளவு தவறிவிட்டது என்று புலம்பினால், "நீளமா இருந்தா என்னடி, கொறைச்சாப் போச்சு" என்பார். அதற்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் ஒரு மஞ்சள் பையை இவள் மடியில் வைத்தார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது.

"இதுல ஏழு கவுன் இருக்கு. எம்பொண்ணோடது. முப்பது சதுரம் தேறும். அவ அளவுக்கே ஒரு போர்வை தெச்சுக் குடு. எனக்குக் கத்திரிக்கோல் வைக்க மனசு வரல."

அந்தப் பெண் ஆறு வயதில் குளிர்க் காய்ச்சலில் போனவள். அது நடந்து இருபது வருடத்துக்கு மேல். கத்திரி பையை வாங்கித் துணி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றவர்கள் பைகளும் அங்கேதான் இருந்தன. அடுத்த துவைக்கும் நாளில் அது மறந்துபோய், எல்லாப் பைகளையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒதுக்கி வைத்த துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தையல் பிரிக்காத ஒரு கவுன் பாக்கெட் கையில் அகப்பட்டது. நீலத்தில் மீன் போட்ட துணி. உள்ளே நான்காக மடித்த மிட்டாய்த் தாள். மஞ்சள் பையைத் தேடினாள். அது வெறும் பையாக, நன்றாகத் துவைத்து மடிக்கப்பட்டு அலமாரியில் இருந்தது. அதற்குள் அந்தச் சதுரங்களெல்லாம் டீச்சரின் திண்டிலும் தையல் பையிலும், நர்ஸக்காவின் ஊசிப் பையிலும், இவள் அடுப்படிப் பிடிதுணியிலும், இவள் மகளின் போர்வையிலும் போய்ச் சேர்ந்திருந்தன.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "ஆச்சா?" என்று அக்கா கேட்டபோது, "தெச்சிட்டிருக்கேன்க்கா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி அதைத் தின்று தீர்க்கவும் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இவள் அதையே சொன்னாள்.

அந்த வருடக் கடைசிப் பரிசு நாளில் டீச்சர் பொத்தானக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி உறை தைத்துக் கொடுத்தாள். நீலத் துணி, மீன் போட்டது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார், கட்டை விரலால் ஒரு மீனைத் தடவினார். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். பிறகு தலையை நிமிர்த்திக் கத்திரியைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வந்ததும் எதுவும் நடக்காதது போல, அதே குரலில், "ஆச்சா?" என்று கேட்டார்.

இந்தச் சனிக்கிழமை மூன்று பேர்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் வந்ததும் பையிலிருந்து ஒரு திண்டை எடுத்து மேசையில் போட்டாள்.

"கத்திரி, நீ வெட்டுன துணிக்குக் கால் மொளச்சிருக்கு. நாலு சதுரத்தக் காணோம். எங்க வீட்டு எலி நல்லாப் படிச்சது போல, தையல் பிரிச்சு எடுத்திருக்கு."

"என் ஊசிப் பையும் போச்சு. ஊசியெல்லாம் மேசை மேல வரிசையா அடுக்கி வெச்சிருந்துச்சு. நாந்தான் எதோ ஞாபக மறதில பிரிச்சிட்டேனோன்னு நெனச்சேன்" என்றாள் நர்ஸக்கா.

"பக்கத்துல பொத்தான் கெடந்துச்சா?" என்று கத்திரி கேட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். டீச்சரின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. பிறகு அவள் பேச்சை மாற்ற, அறைக்குள் எட்டிப் பார்த்த கத்திரியின் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். "இவ வளர்ற வேகத்துக்கு, போர்வைக்கு வருசா வருசம் ஒரு வரிசை ஒட்டணும்டி. இப்பவே ஏழு சாண் இருப்பா" என்றாள். மகள் வெட்கத்தோடு நெளிந்தாள்.

டீச்சர் போன பிறகும் நர்ஸக்கா குடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பொத்தானக்கா படுத்திருந்தது அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான்.

"உங்கிட்ட இத சொல்லல. கடைசி ரெண்டு நாளும் அவங்களுக்கு ஒரே பேச்சுதான். புள்ளைக்குக் குளிருமே, போர்வை ஆச்சான்னு கேளுங்கன்னு. அந்தக் கண்ணாடி உறையக் கைய விட்டு எடுக்கவே முடியல. அப்படியே கூட வெச்சுப் பொதச்சுட்டோம்." கொஞ்சம் நின்று, "என்ன போர்வைடி அது?" என்று கேட்டாள்.

கத்திரி தெரியாது என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நர்ஸக்கா குடையை விரிப்பதற்குள் அவள் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு மதியமும் மழை விடவில்லை. கணவன் கப்பலில் இருந்தான், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீடு. மகள் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் நீர் சொட்டும் சத்தமும் கூரைக் குழாயில் நீர் இறங்கும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து வீடு முழுவதும் ஒரு முணுமுணுப்பு நிறைந்திருந்தது. அதற்கு நடுவே வேறொரு சத்தம் இருப்பதைக் கத்திரி முதலில் காதால் கேட்கவில்லை, விரல் நுனியில்தான் உணர்ந்தாள். கெட்டித் துணிக்குள் மெழுகு தடவிய நூலை இழுக்கும்போது வரும் சத்தம். ஒரு நீண்ட இழுப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

அது உள்ளறையிலிருந்து வந்தது.

அவள் எழுந்து போனாள். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை, அதற்குக் கீழே தையல் மெஷின் எண்ணெய் வாசனை, அதற்கும் கீழே ஈர மண். சத்தம் நின்றுவிட்டது. கட்டிலில் மகள் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் ஒரு சாண் வெளியே இருந்தது.

கத்திரி போர்வையைப் பார்த்தாள். மூன்று நாளாகப் பார்க்காமலே இருந்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: அதில் இருக்கும் அந்தக் கவுன் சதுரங்களைப் பார்க்க அவளுக்குப் பயம்.

எண்பது சதுரம் வைத்துத் தைத்த போர்வை அது. இப்போது குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு. டீச்சரின் பழைய புடவைச் சதுரம் இல்லை, கணவனின் சட்டைச் சதுரம் இல்லை. எல்லாம் கவுன் துணி. சிவப்புக் கட்டம், மஞ்சள் பூ, பச்சைக் கோடு. பிடிதுணியிலிருந்து போன சதுரம் அதில் இருந்தது, பாத்திரம் சுட்ட கருப்பு வளையத்தோடு. டீச்சரின் திண்டுச் சதுரங்கள் நான்கும் இருந்தன. நடுவில் நீல மீன் போட்ட ஒரு சதுரம் இருந்தது. அதன் மேல் மண். காயாத மண். அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு மூலையில் மட்டும் ஒரு சதுரம் குறைந்து, ஓட்டையாக இருந்தது. தையல் அத்தனையும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

போர்வையை உருவினாள். மகள் கண்ணைத் திறந்தாள்.

"ஏம்மா எடுக்குற? அவளுக்குக் குளிருமே."

"யாருக்கு?"

"தெரியல. சின்னப் புள்ள. குளிருதுன்னு சொன்னா, பாதி குடுத்தேன்." மகள் கொட்டாவி விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவளுக்குச் சரியா இருக்கு. எனக்குத்தான் பத்தல."

மகளை எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு, மழையில் அப்படியே வெளியே ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. தைப்பவளுக்குத் தோன்றுகிற புத்திதான் அவளுக்கும் தோன்றியது. குறையாகக் கிடக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் கேட்டவள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வருடக் கடன் அது, ஒரு சதுரத்தில் தீர்ந்துவிடும். மழை விட்டதும் கொண்டுபோய் அக்காவைப் புதைத்த இடத்தில் வைத்துவிட்டு, மண்ணைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம். அதன் பிறகு மகள் பிழைப்பாள். அவள் வேண்டியது அது ஒன்றுதான்.

கத்திரிக்கோல் பெட்டியின் அடியில் அந்தப் பாக்கெட் இருந்தது. வெட்டவும் மனமில்லாமல் வீசவும் மனமில்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தாள். முன்னறை மேசையில் போர்வையை விரித்து, பாக்கெட்டை அதன் துணியோடு சேர்த்து ஓட்டையில் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஊசியில் நூல் கோத்தாள். தைக்க ஆரம்பித்ததும் பழகிய வேலை கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம். நூலை இழுக்கும் சத்தம் மழைக்குள் சீராகக் கேட்டது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் நூல் தீர்ந்துவிட, கையை நிறுத்தி நூல்கண்டை எடுத்தாள்.

இழுக்கும் சத்தம் நிற்கவில்லை.

உள்ளறையில். ஒரு நீண்ட இழுப்பு. ஒரு நிறுத்தம்.

"குட்டி?" என்று கூப்பிட்டாள்.

"ம்" என்றது உள்ளே. மகளின் குரல்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

இன்னும் ஒன்றரைப் பக்கம். வேகமாகத் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது, பொருட்படுத்தவில்லை. நீலத் துணியில் ஒரு துளி ரத்தம் மீனின் கண்ணாக நின்றது. கடைசித் தையல். முடிச்சு. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல் தானாக வெளியே வந்தது.

"ஆச்சுக்கா."

மழை அப்படியே பெய்தது. உள்ளே சத்தம் நின்றிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, வந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது. முகம் கழுவலாம் என்று அடுப்படிக் குழாய்க்குப் போனாள். போர்வையைப் போட்டுக்கொண்டு போக மஞ்சள் பையை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஒரு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், அதற்குமேல் இல்லை.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

ஊசி இருந்தது. நூல்கண்டு இருந்தது. கத்திரிக்கோல் இல்லை.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. மகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. நடந்தாள். ஆறு அடி தூரம்தான். பாச்சை உருண்டை வாசனையே இல்லை இப்போது. வேறு வாசனை. அடுப்படியில் இறைச்சி நறுக்கிய பலகையில் வரும் வாசனை.

கட்டிலில் போர்வை விரிந்திருந்தது. முப்பது சதுரமும் முழுமையாக, சுருக்கமே இல்லாமல். கீழே யாரோ படுத்திருந்தார்கள். முகம் மூடியிருந்தது. மூச்சு ஏறி இறங்கியது.

கத்திரி காலடியைப் பார்த்தாள்.

கால் வெளியே இல்லை.

மேல் ஓரத்தில் தலை முட்டியது, கீழ் ஓரத்தில் பாதம் முட்டியது. ஆறு சாண். ஒரு விரல்கூடக் கூடுதலாக இல்லை. போர்வையின் நான்கு ஓரமும் மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. நெருக்கமான, பொறுமையான தையல். எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழ் ஓரத்துச் சதுரங்கள் மட்டும் ஈரமாக இருந்தன. மெல்லக் கருத்துக்கொண்டிருந்தன.

தலையணைக்குப் பக்கத்தில் அவளுடைய கத்திரிக்கோல். துடைத்து, மூடி வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான். அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள்.

அதில் சுற்றியிருந்தது நூல் இல்லை. நீளமான கருப்பு முடி. சுற்றிச் சுற்றி ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெருத்திருந்தது. முனையை அழகாக உள்ளே செருகியிருந்தது.

கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, மிச்சத்தை மூட்டையாக மடித்து வைத்திருந்தது. மூட்டை கட்டியிருந்தது அவள் கணவனின் சட்டைத் துணியில், டீச்சரின் புடவைத் துணியில், போர்வையிலிருந்து பிரித்து எடுத்த அந்தச் சதுரங்களில்.

போர்வை அசைந்தது. துணியின் அடியிலிருந்து, பாக்கெட் இருந்த மூலைக்குள், ஒரு சின்ன விரல் எதையோ தேடுவது போல நெளிந்தது. மிட்டாய்த் தாள் கசங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றது உள்ளே. மகளின் குரலைவிடச் சின்னக் குரல். "இப்பக் குளிரல."

கத்திரி கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டில் வெட்டுவது எப்போதும் அவள் வேலைதான். முதல் தையலுக்கு அடியில் நுனியைச் செருகிவிட்டு, அழுத்த முடியாமல், மழை நிற்கும்வரை அப்படியே நின்றாள்.